மேற்கையைச் சுட்டும் விரல்: மைசூர் அரசியர் ஓவியம்

அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805ஆம் ஆண்டளவில் மைசூரில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தில், பட்டும் நகையுமாக மூன்று பெண்கள் நிற்கின்றனர். அரண்மனைப் பெண்கள் அந்நியர் முன் வராத காலம் அது. அதனால் இவர்கள் ஆடல் மகளிர் என்றே நெடுநாள் கருதப்பட்டது.

வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் அதை மறுத்தார். வலப்புறம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய அரசி தேவஜம்மணி என்பது அவர் கணிப்பு. வழக்கமாக இடக்கையை மூடும் சேலை இங்கே விலகியிருக்கிறது. விரல்கள் பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் குத்திய இடத்தைச் சுட்டுகின்றன. இடப்புறத்து மூத்த அரசியின் மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் நிறம் மாறியிருப்பது, அம்மைப் பொருக்கைத் தூளாக்கி மூக்கில் ஊதும் பழைய முறையின் தடம் என்றார்.

இந்தியாவில் முதன்முதலாக 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹாலுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. குத்திக்கொண்டவரின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவருக்குக் குத்துவார்கள். சாதி பார்த்த சமூகம் இதற்கு அஞ்சியது இயல்பே. அந்த அச்சத்தை அகற்ற, அரசியின் கையைவிட வலுவான சான்று, அம்மைப்பாலைப் பரப்ப முயன்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்திருக்காது.

முகத்து நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வண்ணம் காலத்தால் மாறக்கூடியது. விலகிய சேலையோ ஓவியர் வேண்டுமென்றே வரைந்தது. சான்சலரின் வாசிப்புக்கு உறுதி தருவது அதுவே.