முறை: மாதேஸ்வரன் மலையடியில் ஒரு நீர்வரிசையின் வரலாறு

மாதேஸ்வரன் மலை 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பு அவ்வட்டத்தை மைசூருக்கு அளித்தது. 1997 முதல் அது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைகள் இவ்வாறு மாறியபோதும், மலைக்குக் கிழக்கே ஒகேனக்கல்லைக் கடந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடையும் காவிரியைப் பற்றிய கேள்வி மாறவில்லை. முதலில் யாருக்கு, அடுத்து யாருக்கு, எந்நாளில், எவ்வளவு?

கணினியியலில் இதே கேள்விக்குப் பணி அட்டவணையிடல் என்று பெயர். செயலி ஒன்று, காத்திருக்கும் பணிகள் பல. அங்கே மூன்று விதிகள் அடிப்படையானவை: முதலில் வந்தது முதலில், முன்னுரிமை பெற்றது முதலில், கெடு நெருங்கியது முதலில். முன்னுரிமை விதிக்கு ஒரு நோயும் உண்டு. உயர்நிலைப் பணிகள் வந்துகொண்டே இருந்தால் கீழ்நிலைப் பணிக்கு முறை வருவதே இல்லை. கணினியியலார் இதனைப் 'பட்டினி' என்கின்றனர். காவிரியின் நூற்றாண்டு வரலாற்றை இம்மூன்று விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்ட வரலாறாக வாசிக்க இயலும்.

1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதல் விதியைச் சார்ந்தது. குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் அரசு புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டச் சென்னை அரசின் இசைவு தேவை என்றது அது. நெடுங்காலப் பயன்பாட்டால் சென்னை பெற்றிருந்த உரிமையே அதன் அடிப்படை. டெல்டா உழவர் முன்னமே வரிசையில் நின்றவர். கிருஷ்ணராஜசாகர் திட்டம் இவ்விதியை அசைத்தது. நீண்ட வழக்காடலுக்குப் பின் 1924 ஒப்பந்தம் மைசூருக்கு 44.8 டி.எம்.சி. கொள்ளளவுள்ள கிருஷ்ணராஜசாகரையும் சென்னைக்கு 93.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூரையும் ஏற்றுக்கொண்டது. மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் வரிசையில் நிற்பது ஓடும் நீருக்காக மட்டுமன்று, தேக்கிய நீருக்காகவும் என்றாயிற்று. நீரைத் தேக்க முடிந்தவுடன், எப்போது திறப்பது என்பதே அதிகாரமாயிற்று.

மூன்றாம் விதியின் ஆவணம் நடுவர் மன்றத்தின் 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு. ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றதோடு அது நிற்கவில்லை. ஜூனில் 10, ஜூலையில் 34, ஆகஸ்டில் 50, செப்டம்பரில் 40, அக்டோபரில் 22 என மாதவாரியாகப் பிரித்து, பிலிகுண்டுலுவில் அளக்கச் சொன்னது. பயிரின் நாட்காட்டியே ஆற்றின் நாட்காட்டியானது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூருவின் குடிநீர் உள்ளிட்ட தேவைகளுக்கானது. 1987 தேசிய நீர்க்கொள்கை குடிநீரைப் பாசனத்துக்கு மேலே வைத்திருந்தது. இங்கே இரண்டாம் விதி மூன்றாம் விதியைத் திருத்தியது.

அட்டவணையின் தரம் நிறைவான ஆண்டில் தெரிவதில்லை. பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறையும் என்பது நடுவர் மன்றத்தின் நெறி. அளவைப் பொறுத்தவரை அது நடுநிலையானது. ஆனால் பயிருக்கு அளவு மட்டும் போதாது. குறுகியகாலப் பயிரான குறுவைக்கு ஜூன், ஜூலையில் நீர் வேண்டும். அக்டோபரில் வரும் வெள்ளம் அதற்கு ஈடாகாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. நீர் தாமதிக்கும் ஆண்டுகளில் முதலில் கைவிடப்படுவது குறுவைதான். உழவர் ஒரு போகச் சம்பாவுக்கு மாறுகின்றனர். யாரும் ஆணையிடாமலேயே வரிசையிலிருந்து ஒரு பணி நீங்கிவிடுகிறது.

டெல்டாவுக்குள்ளும் அதே கதை தொடர்கிறது. நீர் குறையும்போது வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி நீர் விடும் முறைப்பாசனம் நடைமுறைக்கு வருகிறது. முறையின் நோக்கம் சமன்மை. எனினும் தலைமடை நனைந்த பின்னரே நீர் கடைமடையை எட்டும். தன் முறைநாள் முடிவதற்குள் நீர் வந்துசேராவிட்டால் அவ்வயலுக்கு அந்த முறை ஏட்டில் மட்டுமே இருக்கிறது. பட்டினி என்னும் கணினிச் சொல் இங்கே உருவகம் அன்று.

கணினியியலார் பட்டினிக்குக் கண்ட மருந்து எளியது: காத்திருக்கும் காலம் கூடக்கூட அப்பணியின் முன்னுரிமையும் கூடும். கடைமடைக்கு இம்மருந்து பாதியே உதவும். காத்திருக்கும் நிரல் அழிவதில்லை. காத்திருக்கும் நாற்று முற்றிவிடுகிறது. எனவே நீர்வரிசைக்கு வேண்டுவது, காத்திருந்தவரை முன்னே அழைப்பதோடு, தாமதத்தின் இழப்பையும் பங்கிடும் நெறி. 1892 முதல் 2018 வரையிலான ஆவணங்கள் உரிமையையும் அளவையும் நுணுக்கமாகப் பகுத்தன. தாமதத்தின் சுமையோ பெரும்பாலும் வரிசையின் கடைசியில் நிற்பவர் மீதே விழுந்தது.

தமிழில் 'முறை' என்னும் சொல் வரிசையில் ஒருவருக்கு வரும் வேளையையும் நீதியையும் உறவையும் ஒருங்கே குறிக்கும். அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்பது பொருள். கடைமடையில் நீருக்குக் காத்து நிற்பவர் "எங்கள் முறை எப்போது?" என்று கேட்கும்போது, அக்கேள்வியில் நாளும் உண்டு, நீதியும் உண்டு.