ஐந்து ஆட்டம், பூச்சியம் விக்கெட்: ஒரு இளம் போலருக்கு எப்படி விலை போடுவது?

1991-ல் இலங்கை 'ஏ' அணி இங்கிலாந்துக்குப் போனது. அந்த அணியில் பத்தொன்பது வயசு ஒப் ஸ்பின்னர் ஒருவர் இருந்தார். அந்தச் சுற்றுலாவில் ஐந்து ஆட்டம் விளையாடினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை.

இப்ப IPL சீசன் வந்தா நம்ம பொடியங்க போனில் பதினொரு பேரைத் தெரிவு செஞ்சு டீம் போடுறாங்களே, அந்தப் பழக்கம் அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பெயரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஐந்து ஆட்டத்துக்குப் பூச்சியம் எடுத்தவனை எவன் எடுப்பான்? அந்தப் பெயர் முத்தையா முரளிதரன்.

முரளியின் கதையை நாம எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போயிருக்கிறோம். 800 விக்கெட், ஊரெல்லாம் பெருமை, பிறகு அவர் அரசியல் பேசினப்ப மலையகத்தில் கிளம்பின கோபம், 2020-ல் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினது. அந்த வழக்குகளை இங்கே எடுக்கப் போவதில்லை. நான் பார்க்க விரும்புவது 800-க்கு முந்திய முரளியை. ஒருத்தன் யார் என்று இன்னும் தெரியாத காலத்தில் அவனுக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள்? போட்ட மதிப்பு எங்கே தப்பிப் போகிறது?

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டு மண்டையை உடைச்சவர்கள் அமெரிக்கர்கள், பேஸ்போலில். 1980-ல் டானியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் நியூயோர்க்கில் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். நிஜ வீரர்களை ஆளுக்கொரு கற்பனை அணியாக ஏலத்தில் எடுப்பது, அந்த வீரர்கள் நிஜ மைதானத்தில் செய்வதை வைத்துப் புள்ளி போடுவது. அவர்கள் கூடிச் சாப்பிடுகிற ஹோட்டலின் பெயரால் அதற்கு ரொட்டிசெரி பேஸ்போல் என்று பெயர் வந்தது. இன்றைக்கு நாம விளையாடுகிற எல்லா ஃபேன்டசி ஆட்டத்துக்கும் பாட்டன் அதுதான்.

அதில் தலையிடி பிடிச்ச வேலை இளம் பிச்சருக்கு விலை போடுவது. நம்ம கணக்கில் பிச்சர் என்றால் போலர். ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிச்சர் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். கை தாங்காது. ஆரம்பத்தில் இவருக்கு எதற்கெல்லாம் புள்ளி கொடுத்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அணி வென்றால் புள்ளி. குறைவாக ஓட்டம் கொடுத்தால் புள்ளி. ஆனால் எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணினார் என்பது முதல் பட்டியலிலேயே இல்லை, பிறகுதான் சேர்ந்தது. ஸ்ட்ரைக்அவுட் என்பது ஃபீல்டர் யாருடைய தயவும் இல்லாமல் பிச்சர் தன் கையாலேயே எடுக்கிற விக்கெட். நம்ம ஊர் யோர்க்கரில் ஸ்டம்ப் பறக்கிற மாதிரி என்று வைச்சுக்கொள்ளலாம்.

2001-ல் வோரஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். துடுப்பில் பட்டு மைதானத்துக்குள் போகிற பந்து ஃபீல்டர் கையில் விழுமா, இடைவெளியில் போகுமா என்பதில் பிச்சருக்குப் பெரிய கட்டுப்பாடு கிடையாது. ஒரு வருஷம் நல்லா வரும், அடுத்த வருஷம் காலை வாரும். ஆகவே ஒரு இளம் பிச்சரைப் பார்க்கிறப்ப அவர் கையில் மட்டும் இருக்கிற விஷயங்களைப் பார் என்றார். பேஸ்போல் உலகம் முதலில் சண்டைக்குப் போனது, பிறகு மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முரளியிடம் வருவோம்.

இங்கிலாந்தில் பூச்சியம் எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், 1992-ல் இங்கே வந்த அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் நல்லாப் போட்டார். அதை வைத்து அந்த ஓகஸ்டிலேயே கெத்தாராமவில் டெஸ்ட் தொப்பி கிடைத்தது. முதல் விக்கெட் கிரெய்க் மெக்டெர்மட், எல்பிடபிள்யூ. அந்த டெஸ்டில் மொத்தம் 141 ஓட்டத்துக்கு 3 விக்கெட். சுமார்தான். 1995 டிசம்பர் வரைக்கும் அவர் விளையாடியது 22 டெஸ்ட், எடுத்தது 80 விக்கெட், சராசரி 32.74. அந்த நேரத்திலேயே இலங்கைக்கு அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான் என்றாலும், உலகக் கணக்கில் அது நடுத்தரம். அந்தத் தாளை மட்டும் கையில் வைத்திருந்த ஒருவர், "சுமாரான ஸ்பின்னர், விலை குறைஞ்சா எடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

அதற்கு அப்புறம் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்க. வாழ்நாள் கணக்கு 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. முதல் 22 டெஸ்டைக் கழித்தால் மீதி 111 டெஸ்டில் 720 விக்கெட், சராசரி ஏறத்தாழ 21.6. விக்கெட்டுக்குப் பதினொரு ஓட்டம் குறைகிறது. இரண்டு வேறு ஆட்கள் மாதிரி இருக்கிறது.

அந்த மீதிக் கணக்கு நடக்காமலே போயிருக்கவும் கூடும். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோ போல் சொன்னார், கை மடக்கி எறிகிறான் என்று. சில நாளில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் திரும்பவும் அதையே சொன்னார். அப்ப முரளிக்கு வயசு 23. ஃபேன்டசி ஆட்டத்தில் இதற்குப் பெயர் ரிஸ்க். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு விலையைப் பாதியாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நிஜத்தில் அது ஒரு பையனுடைய தொழில், பெயர், எல்லாம். 1996-ல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் சோதனை பண்ணினார்கள். பிறப்பிலேயே முழுசா நீட்ட முடியாத முழங்கை, அதனால் பார்க்கிற கண்ணுக்கு எறிகிற மாதிரித் தெரிகிறது என்று முடிவு வந்தது. 1999-ல் அடிலெய்டில் எமர்சன் மறுபடி நோ போல் சொன்னப்ப, அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிப் போய் நின்றார். அவரை ஆயிரம் விஷயத்துக்கு விமர்சிக்கலாம். அந்த ஒரு நாளுக்காக அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கலாம்.

சரி, 1991-ல் பூச்சியம் எடுத்த ஒருவரை எந்த நம்பிக்கையில் வைத்திருந்தார்கள்? கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனை, பதினாலு வயசில் ஸ்பின்னுக்கு மாற்றியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. கடைசி இரண்டு பாடசாலை சீசனில் நூறுக்கும் மேல் விக்கெட், 1990-91-ல் பாட்டா நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரர் விருது. அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். அதாவது, பூச்சியத்தைப் பார்த்தவர்களிடம் பந்து எவ்வளவு திரும்புகிறது என்ற இன்னொரு கணக்கும் இருந்தது. அது ஸ்கோர் அட்டையில் வராது. பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் வேணும்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முரளியின் தாத்தா 1920-ல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு அவர் திருச்சிக்கே திரும்பிவிட்டார், மகன்மார் இங்கே தங்கினார்கள். அப்பா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். லயத்துக்கும் அந்தோனியார் கல்லூரிக்கும் நடுவில் அந்த பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. அதை மறந்துவிட்டு, "பாருங்க, நம்ம ஆள் எப்படி வந்துட்டான்" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கொட்டகலையைச் சுற்றி இருக்கிற எந்தத் தோட்டத்துக்கும் போங்க. மலையை வெட்டிச் சமப்படுத்தின ஒரு துண்டு நிலம், ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். ஓங்கி அடித்தால் பந்தைத் தேடியே பொழுது போகும். ஆடுவது மென்பந்து. அதில் போடுகிற வேகத்துக்கும் திருப்பத்துக்கும் யாரும் கணக்கு வைப்பதில்லை. மலையில் கணக்கு வைக்கத் தெரியாதவர்கள் என்று நினைச்சிடாதீங்க. கொழுந்தை ஒவ்வொரு கிலோவாக நிறுத்து, இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்மானிக்கிற கணக்கு தலைமுறை தலைமுறையாக நடக்குது. மழை பெய்ததா, அந்த மலையில் கொழுந்து இருந்ததா என்பது அந்தத் தராசுக்குத் தெரியாது. மெக்ராக்கன் பிச்சருக்காகக் கேட்ட அதே கேள்வியைக் கொழுந்து பறிக்கிறவளுக்காகவும் கேட்கலாம்: அவள் கையில் இருந்தது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு?

மென்பந்திலிருந்தும் மேலே போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒருவர் இருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துதான். 2015-ல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடத் தொடங்கின கையோடு, முரளிக்கு வந்த அதே புகார்: பந்து எறிகிற முறை சந்தேகம். திருத்திக்கொண்டு வந்தார். TNPL-ல் போட்ட யோர்க்கர்களைப் பார்த்து, 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் 3 கோடி ரூபாவுக்கு எடுத்தது. அந்த சீசனில் 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஃபேன்டசி கணக்கில் செத்த பெயர். 2020-ல் இறக்கினார்கள்: 16 விக்கெட். அந்த வருஷமே அவுஸ்திரேலியா போய், ஒரே சுற்றுலாவில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அவரை வேலை இல்லாமல் இரண்டு வருஷம் வைத்திருந்த ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் யார் தெரியுமா? முரளிதரன். பூச்சியம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1998 மே 6-ல் சிக்காகோ கப்ஸ் அணிக்காக இருபது வயசு கெரி வூட் ஒரே ஆட்டத்தில் 20 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அவர் கையில் மட்டும் இருந்த விஷயம், மெக்ராக்கன் கணக்கில் பத்துக்குப் பத்து. அடுத்த வருஷம் முழுக்க முழங்கை அறுவைச் சிகிச்சையால் வெளியே. கை எவ்வளவு தாங்கும் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

அந்தக் கதை கண்டியிலும் கொஞ்சம் நடந்தது. திரித்துவக் கல்லூரியின் மதீஷ பத்திரன. மாலிங்க மாதிரி பக்கவாட்டில் கை சுழற்றுகிறவர். 2022-ல் காயப்பட்ட ஒருவருக்குப் பதிலாக 20 லட்சத்துக்குச் சென்னை எடுத்தது. 2023-ல் 12 ஆட்டத்தில் 19 விக்கெட். 2024-ல் 6 ஆட்டத்திலேயே 13, பிறகு காயம். அந்த 13 விக்கெட்டைப் பார்த்து 13 கோடி கொடுத்துத் தக்க வைத்தார்கள். 2025-ல் எடுத்ததும் 13-தான், ஆனால் 12 ஆட்டத்தில், ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல் கொடுத்து. சென்னை விட்டுவிட்டது, டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடி கொடுத்தது. விட்டவர்கள் கடைசி சீசனைப் பார்த்தார்கள், எடுத்தவர்கள் வயசைப் பார்த்தார்கள். அப்ப அவருக்கு 22, இரண்டு நாளில் 23. கடைசி ஓவர்களில் போடுகிறவனுக்கு ஓட்டம் கூடத்தான் போகும் என்பதால் எடுத்தவர்கள் பக்கம் எனக்குச் சாய்வு இருக்கிறது, ஆனால் என் காசை வைக்க மாட்டேன்.

இப்ப உங்களுக்கு ஒரு பெயர். விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, லெக் ஸ்பின்னர், 2001-ல் பிறந்தவர். 2020-ல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக முதல் ஆட்டம். முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 2024-ல் காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக அவரை ஹைதராபாத் 50 லட்சத்துக்கு எடுத்தது. அந்த அணியின் பயிற்சிக் குழுவில் அப்பவும் முரளி இருந்தார். மே 8, லக்னோவுக்கு எதிராக முதல் IPL ஆட்டம்: 4 ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை.