நூறு பர்சென்ட் சிபியு: ஒரு சின்ன சரித்திரம்

"சர்வர் ஸ்லோ"ன்னு யாராவது கத்தினா நாம முதல்ல அடிக்கிற கமாண்ட் 'டாப்'. சிபியு 100%-ல நிக்குதா? உடனே "கூட்டம் ஜாஸ்தி, பெரிய மெஷின் வாங்குங்க"ன்னு தீர்ப்பு எழுதிடுவோம். ஆனா மக்களே, வெப் சர்வரோட 30 வருஷ சரித்திரத்தைப் புரட்டினா பல கேஸ்ல குற்றவாளி கூட்டம் இல்லை.

1993-ல அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்தோட என்சிஎஸ்ஏ மையத்துல, ராப் மெக்கூல் எழுதின சர்வரோட வந்ததுதான் சிஜிஐ. ஐடியா ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு புது புரொகிராமைக் கிளப்பு, அது துப்புற பக்கத்தை அனுப்பு, புரொகிராமை முடிச்சுடு. ஒவ்வொரு டீக்கும் புதுசா அடுப்பு கட்டி, டீ போட்டு, உடனே அடுப்பை இடிக்கிற கதை! பெர்ல் ஸ்கிரிப்ட்டா இருந்தா, பக்கம் தயாராகிற நேரத்தை விட பெர்ல் எழுந்து உக்கார்ற நேரமே அதிகமா இருக்கும்.

1996-ல ஓப்பன் மார்க்கெட் கம்பெனியோட ஃபாஸ்ட்சிஜிஐ, அதே சமயத்துல மாட்-பெர்ல்னு ரெண்டு வைத்தியம் வந்துச்சு. அடுப்பை அணைக்காம வச்சிருக்கிறதுதான் ரெண்டுலயும் தத்துவம். 1995-ல ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பியும் சிஜிஐயா ஆரம்பிச்சு, பின்னால அப்பாச்சிக்குள்ளேயே குடியேறிடுச்சு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட்டை முதல்ல இருந்து படிச்சு கம்பைல் பண்ற பழக்கம் போகலை. அதைத் தவிர்க்கிற ஆப்கேஷ், பிஎச்பியோட கூடவே வர ஆரம்பிச்சது 2013-ல வந்த 5.5-லதான்.

வலைப்பதிவு உலகத்துக்கும் இதுல பங்கு உண்டு. 2003-ல லைவ்ஜர்னலுக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதினதுதான் மெம்கேஷ்டு. ஒரு தடவை டேட்டாபேஸ்ல தேடினதை மெமரியில வச்சுக்கிட்டா மறுபடி தேட வேண்டாம், அவ்வளவுதான். மூவபிள் டைப் வேற வழி: பக்கத்தை முன்கூட்டியே எழுதி வச்சுடும், படிக்க வர்றவங்களால சுமையே இல்லை. ஆனா பின்னூட்டம் வந்தா சிஜிஐ ஓடணும், பக்கத்தைத் திரும்ப எழுதணும். 2004 கடைசியில ஸ்பேம் பின்னூட்டம் அடைமழையா கொட்டினப்போ, சில ஹோஸ்டிங் காரங்க அந்த ஸ்கிரிப்ட்டையே நிறுத்தி வச்சாங்க. வாசகர்கள் பத்து பேர்தான், ஆனா சர்வர் படுத்துடுச்சு :)

இதெல்லாம் பல ரிக்வெஸ்ட் சேர்ந்து செஞ்ச வேலை. ஒத்தை ரிக்வெஸ்ட்டே சிபியுவைத் தின்ன கதைதான் பயங்கரம்.

2011 ஜனவரியில ஒரு எண் வெளிச்சத்துக்கு வந்துச்சு: 2.2250738585072011, அதை 10-இன் மைனஸ் 308ஆவது அடுக்கால பெருக்கணும். 32-பிட் பிஎச்பியில இதை ஒரு ஃபார்ம்ல போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் அதை எண்ணா மாத்தப் போனா, கதை முடிஞ்சுது. பழைய இன்டெல் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர் 80 பிட், மெமரியில வைக்கிறது 64 பிட். இந்த வித்தியாசத்தால "கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை"ன்னு திருத்திக்கிட்டே லூப் முடிவில்லாம சுத்தும். ஒரு மாறிக்கு முன்னால 'வாலடைல்'னு ஒரு வார்த்தை சேர்த்ததுதான் தீர்வு. 5.3.5, 5.2.17 பதிப்புகள்ல சரி செஞ்சாங்க.

2016 ஜூலை 20, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிஷம் படுத்துச்சு. காரணம், ஒரு பதிவுல வரிசையா சுமார் 20,000 வெற்றிடம். ஓரத்து வெற்றிடத்தை வெட்டுற ரெகெக்ஸ், ஒவ்வொரு இடத்துல இருந்தும் திரும்ப எண்ண ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட 20 கோடி தடவை சோதிச்சுது. அந்தப் பதிவு முகப்புல தெரிஞ்சது. லோட் பேலன்சர் நலம் விசாரிச்சதும் அதே முகப்பைத்தான்! பதில் வராததால எல்லா சர்வரையும் வரிசையில இருந்து தூக்கிடுச்சு.

ஆகவே தோழர்களே, மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி. ரிக்வெஸ்ட் எண்ணிக்கை சிபியுவோட சேர்ந்து ஏறுதா? அப்போ திரும்பத் திரும்ப செய்யற வேலையைத் தேடுங்க, கேஷ் போடுங்க. எண்ணிக்கை அப்படியே இருக்க சிபியு மட்டும் ஏறுதா? எந்த புராசஸ்னு பாருங்க, எஸ்ட்ரேஸ் போடுங்க. அது சத்தமே போடாம சிபியுவை மட்டும் தின்னுதுன்னா, உள்ள ஏதோ லூப் சுத்துதுன்னு சந்தேகப்படுங்க. அப்படி ஒரு லூப்புக்கு 16 கோர் மெஷின் வாங்கிக் கொடுத்தாலும் அது பாட்டுக்கு சுத்தும்.

உங்க சர்வர் சாப்பிட்ட விநோதமான ரிக்வெஸ்ட் எது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.