ஏழு லட்சத்தில் ஒன்று

எண்ணெய்க் கறையை எடுக்க சில சோப்புத்தூள்களில் லைப்பேஸ் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். கொழுப்பை உடைப்பதுதான் அதன் வேலை. டென்மார்க்கின் நோவோ கம்பெனி 1988ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைப்போலேஸ், ஒரு பூஞ்சையின் மரபணுவிலிருந்து வந்தது.

சரி, புது லைப்பேஸுக்கு எங்கே போவது? ரொம்ப நாளாக ஒரே வழிதான் இருந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிரை ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டும். ஆனால் அவற்றில் நூற்றுக்கு ஒன்று வளர்ந்தாலே அதிகம். வணிகவியல் பாஷையில் சொன்னால், குடோனில் 100 மூட்டை சரக்கு, ஸ்டாக் புத்தகத்தில் ஏறியது ஒரு மூட்டை!

1998ல் ஜோ ஹேண்டல்ஸ்மன் குழுவினர் ஓரிடத்து நுண்ணுயிர்களின் மொத்த டிஎன்ஏவுக்கு 'மெட்டாஜீனோம்' என்று பெயர் வைத்தார்கள். உயிரை வளர்க்க வேண்டாம். மண்ணிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, துண்டாக்கி, சுலபமாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றினால் போதும்.

2000ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் புல்வெளி, சர்க்கரை பீட் வயல், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் மண்ணில் இப்படித் தேடினார்கள். ட்ரையோலின் என்ற கொழுப்பு கலந்த தட்டில் 7,30,000 குளோன்களைச் சோதித்ததில் தேறியது ஒன்றே ஒன்று. ட்ரைபியூட்டிரின் தட்டில் 2,86,000க்கு மூன்று.

லாப நஷ்டம் மட்டும் பார்ப்பவர் அன்றே கடையைச் சாத்தியிருப்பார். ஆனால் அந்நிய மரபணுக்கள் எல்லாவற்றையும் ஈ.கோலையால் படிக்க முடியாது. அதனால் மீதியெல்லாம் வெறும் மண் என்று அர்த்தமில்லை. சொந்தக்கார உயிரைக் கண்ணால் பார்க்காமலே அதன் நொதியை வேலை வாங்கலாம் என்று காட்ட அந்த ஒன்று போதும். அதன்பிறகு உலகின் பல மூலைகளிலும் சேற்றையும் கடல்நீரையும் அள்ளி இதே வழியில் தேட ஆரம்பித்தார்கள்.