சேவையகத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

சிறிய செய்தித்தளங்களில் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் முகநூல் கணக்கும் மின்னஞ்சலும்தான் முதலில் வரும். தளம் இயங்கும் லினக்ஸ் சேவையகத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று கேட்டால், “அதைத் தம்பி ஒருவர் பார்க்கிறார்” என்பதே நான் அதிகம் கேட்ட பதில். வெளியிடப்படாத கட்டுரைகளும், தளத்தினூடாகத் தகவல் அனுப்பியவர்களின் விபரங்களும் அந்த வாசலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

அந்த வாசலின் பெயர் எஸ்எஸ்எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்கு ஆய்வாளராக இருந்த தாத்து யிலோனென் 1995இல் இதை உருவாக்கினார். செல்லும் தகவலை இது மறைகுறியாக்கும். ஆனால், பலவீனமான கடவுச்சொல்லை ஊகித்து நுழைபவரைத் தடுக்காது. இணையத்தில் திறந்திருக்கும் 22ஆம் இலக்கத் துறையைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறப்புச் சோடியைப் பாவிக்க வேண்டும். ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளை அதை உருவாக்கித் தரும். ‘ஈடி25519’ வகை போதுமானது. பொதுத் திறப்பு சேவையகத்துக்குப் போகும். தனித் திறப்பு உங்கள் கணினியை விட்டு வெளியேறக்கூடாது. அதற்கும் ஒரு கடவுச்சொற்றொடர் இடுங்கள்.

திறப்பு வேலை செய்வதை உறுதிசெய்த பின்னர், அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவையும் ‘ரூட்’ கணக்கின் நேரடி நுழைவையும் நிறுத்துங்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து பாருங்கள். பிழைத்தால் நீங்களே வெளியில் நிற்க நேரிடும்.

உபுண்டு பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகைச் சேவையகங்களில் ‘கிளவுட்-இனிற்’ உருவாக்கும் துணைக் கோப்பு, நீங்கள் நிறுத்திய கடவுச்சொல் நுழைவை மீண்டும் அனுமதிக்கக்கூடும். ‘எஸ்எஸ்எச்டி’ கட்டளையுடன் ஆங்கிலப் பேரெழுத்து ‘ரி’யைச் சேர்த்து இயக்கினால் உண்மையில் நடைமுறையிலுள்ள அமைப்பு தெரியும்.

துறை இலக்கத்தை மாற்றுவது தட்டுபவர்களின் தொகையைக் குறைக்கும், பூட்டைப் பலப்படுத்தாது. ‘ஃபெயில்2பான்’ திரும்பத் திரும்பத் தவறுபவர்களைத் தடுத்துவைக்கும். மென்பொருள் இற்றைப்படுத்தலையும் தள்ளிப்போடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு, அனுமதிக்கப்பட்ட திறப்புகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியும் யாருடையது என்று கேளுங்கள். வேலையை விட்டுச் சென்றவரின் வரியை அன்றே நீக்குங்கள். பெயர் சொல்ல முடியாத வரி ஒன்று இருந்தால், அதையும்.