சைக்கிளும் சிகப்பு லைட்டும் - ஒரு குட்டி வரலாறு

பழைய அட்லஸ், ஹெர்குலஸ் சைக்கிள் எதையாவது பின்பக்கமா நின்னு கவனிச்சிருக்கீங்களா மக்களே? மட்கார்டு முழுக்கக் கறுப்பா இருக்கும். அடிப்பகுதியில மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பெயிண்ட். அதுக்கு மேல சிகப்பா ஒரு கண்ணாடி வில்லை. எங்க பந்தல்குடி பக்கம் அதுக்கு 'டேஞ்சர் லைட்'டுனு பேரு. பேர்லதான் லைட்டு. தானா எரியாது, எவனாவது வெளிச்சம் அடிச்சா மினுங்கும்.

அந்த வெள்ளை பெயிண்ட் ஏதோ அழகுக்கு அடிச்ச மாதிரி தோணும். ஆனா அது 1934-ல லண்டன் பார்லிமெண்ட் போட்ட ஒரு சாலைச் சட்டத்தோட மிச்சம். சைக்கிளுக்குப் பின்னாடி லைட்டு வேணுமா வேண்டாமான்னு அந்த ஊர்ல பல வருஷம் நடந்த பஞ்சாயத்துல வந்த ஒரு சமரசம் அது. பஞ்சாயத்து அங்க முடிஞ்சு எண்பது வருஷம் ஆச்சு. தீர்ப்பு மட்டும் நம்ம ரோட்டுக்கு இன்னும் முழுசா வந்து சேரலை. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவுல சொல்லப்போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1888-ல இங்கிலாந்துல வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் சைக்கிளையும் ஒரு வண்டின்னு ஒத்துக்கிட்டது. கூடவே, பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துல இருந்து விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரைக்கும் சைக்கிள்ல விளக்கு எரியணும்னு விதியும் வந்தது. முன்னாடி மட்டும்தான். அது நியாயமும்கூட. அப்போ ரோட்டுல சைக்கிளுக்குப் பின்னாடி வர்றது என்ன? குதிரை வண்டி. அதை விட சைக்கிள் வேகமாப் போகும். பின்னாடி இருந்து வந்து இடிக்க ஆளே இல்லை.

அந்தக் காலத்து விளக்குகளைப் பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். மொதல்ல திரி போட்ட எண்ணெய் விளக்கு. பர்மிங்காம் லூகாஸ் கம்பெனி விளக்குகள் ரொம்பப் பிரபலம். பல விளக்குகள்ல கப்பல் மாதிரி ஒரு பக்கம் சிகப்பும் இன்னொரு பக்கம் பச்சையுமா கண்ணாடி பதிச்சிருப்பாங்க. அப்புறம் கார்பைட் விளக்கு வந்தது. மேல ஒரு தண்ணித் தொட்டி, கீழ கார்பைட் கல்லு. சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்தா அசிட்டிலின் வாயு கிளம்பும், அதைப் பத்த வைக்கணும். ஆமா, நம்ம ஊர்ல மாம்பழத்தைத் திருட்டுத்தனமாப் பழுக்க வைக்கிற அதே கல்லுதான். அதைச் செய்யறது சுண்ணாம்பையும் கரியையும் சேர்த்து உலையில காய்ச்சி. சுண்ணாம்புன்னதும் எங்க ஊருக்கு ஒரு விளம்பரம் குடுத்துக்கறேன்: பந்தல்குடியில சிமெண்ட் ஆலைக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கு :-)

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். மோட்டார் கார் வந்ததும் கணக்கு தலைகீழா மாறிடுச்சு. சைக்கிளை விட நாலு மடங்கு வேகத்துல முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு வருது. சைக்கிளுக்குப் பின்னாடியும் சிகப்பு விளக்கு கட்டாயமாக்கணும்னு கார்க்காரங்க கேட்டாங்க. 1878-ல ஆரம்பிச்ச சைக்கிள் பயணிகள் சங்கம் 'முடியவே முடியாது'ன்னு நின்னது.

அவங்க வாதம் இதுதான். ரோட்டுல முன்னாடி என்ன இருக்குன்னு பாத்து ஓட்ட வேண்டியது ஓட்டுறவன் பொறுப்பு. நடந்து போறவன் முதுகுல லைட்டு கட்டிக்கிட்டா போறான்? ஆடு மாடு கட்டிக்குதா? இன்னைக்கு எனக்கு லைட்டைக் கட்டாயமாக்கிட்டா, நாளைக்கு அது அணைஞ்சிருந்த நேரத்துல இடிச்சவன் 'லைட்டு இல்லை, அதான் தெரியலை'ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். அதோட, முன் லைட்டு அணைஞ்சா எனக்குத் தெரியும். பின் லைட்டு அணைஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?

எங்க சித்தப்பா அருப்புக்கோட்டை ரோட்டுல ஒரு நூல் மில்லுல வேலை பாக்குறார். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்லதான் வீட்டுக்கு வருவார். ஒருதடவை ஊருக்குப் போனப்ப பின் லைட்டு ஒண்ணு வாங்கித் தர்றேன்னேன். "ஏன்டா, பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு இல்லையா? அவன் பாக்காம வர்றதுக்கு நான் தெண்டம் கட்டணுமா?"ன்னார். லண்டன்ல கோட்டு போட்டவங்க வருஷக்கணக்கா வாதாடுனதை மனுஷன் ரெண்டே வரியில முடிச்சுட்டார். எனக்கு அந்த வாதத்துல இன்னைக்கும் மரியாதை உண்டு. யாரால உசிரு போகுமோ அவன்கிட்ட கேள்வி கேக்காம, யாருக்குப் போகுமோ அவனை லைட்டு வாங்கச் சொல்றது என்ன நியாயம்?

ஆனா நியாயம் வேற, இருட்டு வேற.

1927-ல வந்த சட்டம் ரெண்டு தரப்புக்கும் பாதிப் பாதி குடுத்தது. சைக்கிளுக்குப் பின்னாடி சிகப்பு விளக்கு வைக்கலாம். இல்லேன்னா ஒளியைத் திருப்பி அனுப்புற சிகப்பு வில்லை போதும். 1934-ல வில்லையோட மட்கார்டுல வெள்ளைப் பட்டையும் சேர்ந்தது. ஆரம்பத்துல சொன்ன பெயிண்ட் இதுதான். 1939 செப்டம்பர்ல யுத்தம் வந்தது. ஜெர்மன் விமானத்துக்குத் தெரியக்கூடாதுன்னு நாடு முழுக்க விளக்கணைப்பு. தெருவிளக்கு கிடையாது, கார் ஹெட்லைட்டுக்கு மூடி போட்டு ஒரு கீத்து வெளிச்சம் மட்டும் விட்டாங்க. ஒருத்தன் வெளிச்சம் அடிச்சாத்தானே வில்லை மினுங்கும்? அடிக்க வெளிச்சமே இல்லாதப்ப வில்லையும் கண்ணாடித் துண்டும் ஒண்ணுதான். பின் சிகப்பு விளக்கு கட்டாயம்னு உத்தரவு போட்டாங்க. யுத்தம் முடிஞ்ச 1945-ல சைக்கிள் விளக்குக்குன்னே தனிச் சட்டம் போட்டு அதை நிரந்தரமாக்கிட்டாங்க.

இனி நம்ம கதை. அப்போ இங்க ஓடுனது பெரும்பாலும் சீமைச் சைக்கிள். ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலஸ். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளே பெரிய அளவுல செய்ய ஆரம்பிச்சோம். 1949-ல மெட்ராஸ்ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல சோனிபட்ல அட்லஸ், 1956-ல லூதியானாவுல ஹீரோ. எல்லாத்துக்கும் மாதிரி அந்த சீமை சைக்கிள்தான். கறுப்பு மட்கார்டு, வெள்ளைப் பட்டை, சிகப்பு வில்லை எல்லாம் அச்சு அசலா வந்தது. அவங்க விளக்குக்கு மாறிட்டாங்க. நாம அவங்க பாதி வழியில போட்ட சமரசத்தோடயே நின்னுட்டோம்.

நம்ம போலீஸும் முன் லைட்டைத்தான் கேக்கும். தாத்தா காலத்துக் கதைகளைக் கேளுங்க: லைட்டு இல்லாமப் போனா பிடிப்பாங்க, டபுள்ஸ் போனா பிடிப்பாங்க, வால்டியூபைப் பிடுங்கிக் காத்தை இறக்கி விட்டுருவாங்க. அதனால ஒரு கையில டார்ச்சு, இல்லேன்னா காகிதப் பொட்டலத்துக்குள்ள மெழுகுவர்த்தி. போலீஸ்காரர் எதிர்ல நிக்கிறார், அவருக்குத் தெரிஞ்சாப் போதும். பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் கேட்டதாக் கதை இல்லை.

டைனமோ வந்தும் இது மாறலை. மெட்ராஸ்லயே டி.ஐ. மில்லர் கம்பெனி டைனமோ செட்டு செஞ்சது. அப்பா வயசு ஆளுங்ககிட்ட 'மில்லர் டைனமோ'ன்னு சொல்லிப் பாருங்க, முகம் மலரும். பெரும்பாலானவங்க டைனமோவும் முன் லைட்டும் மட்டும்தான் மாட்டுனாங்க. பின் லைட்டு பணக்கார சோக்கு. அதை மாட்டுனவங்களையும் அது ரொம்ப நாள் வாழ விடலை. இங்க என் இன்ஜினியரிங் மூளை கொஞ்சம் துடிக்குது, ரெண்டு நிமிஷம் குடுங்க.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதுல 2.4 வாட் முன் பல்புக்கு, 0.6 வாட் பின் பல்புக்கு. வேகம் கூடினாலும் டைனமோ கிட்டத்தட்ட அரை ஆம்பியர்தான் தரும். அதுல பின் பல்பு வாங்குறது 0.1 ஆம்பியர். இப்போ குண்டு குழியில முன் பல்பு பியூஸ் ஆகுதுன்னு வைங்க. அந்த மொத்தக் கரண்டும் போக வேற வழியில்லாம பின் பல்புக்குள்ள பாயும். அடுத்த நொடி அதுவும் காலி. இது போதாதுன்னு, காசை மிச்சம் பிடிக்க ஒரே ஒயர். திரும்பி வர்ற கரண்ட் சைக்கிள் ஃப்ரேம் வழியாப் போகும். துரு ஏறினா, பெயிண்ட் அடிச்சா, பின் லைட்டு கண்ணை மூடிக்கும். ஓட்டுறவருக்குத் தெரியாது. லண்டன் சங்கத்துக்காரங்க சொன்ன அதே குறை. எல்லாத்துக்கும் மேல, சைக்கிள் நின்னா லைட்டும் நின்னுடும். ரோட்டைக் கடக்க நிக்கிற நேரத்துலதான் நாம யாருக்கும் தெரிய மாட்டோம்.

வில்லையைக் குறைச்சுச் சொல்லலை. உள்ள பாத்தா குட்டிக் குட்டி மூலைகளாக் கட்டியிருப்பாங்க. ரப்பர் பந்தை அறை மூலையில எறிஞ்சா மூணு பக்கமும் தட்டி நம்மகிட்டயே திரும்பி வருதுல்ல? அதே மாதிரி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமே திரும்பும். 1969-ல அப்போலோ 11 நிலாவுல இப்படி 100 மூலைகள் கொண்ட தட்டை வச்சுட்டு வந்தது. இங்கிருந்து லேசர் அடிச்சு, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு நிலாவோட தூரத்தை அளக்குறாங்க. நிலாவுல வேலை செய்யறது நம்ம ரோட்டுல ஏன் தடுமாறுதுன்னா, நிலாவுல கேரியர்ல புல்லுக்கட்டு தொங்காது :-)

கேலியில்லை. எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. கோடையில கேரியர்ல ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கிட்டு தண்ணிக்குப் போற சைக்கிள் உண்டு. பருத்தி மூட்டை, மிளகாய் மூட்டை உண்டு. மூட்டை தொங்குனா வில்லை மறைஞ்சிடும். மழை பெஞ்சா சக்கரம் வாரி அடிக்கிற கரிசல் மண்ணு அது மேல அப்பிக் காஞ்சிடும். ஊர் வழியாப் போறது மதுரை-தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலை. முன்னாடி 45பி-ன்னு நம்பர், இப்போ 38. துறைமுகத்துக்குப் போற லாரி, வர்ற லாரி எல்லாம் இதுலதான். அது நாலு வழிச்சாலை ஆனப்புறம் எதிர்ல வண்டி வர்ற பயம் குறைஞ்சது. ஆபத்து மொத்தமும் முதுகுப் பக்கம் போயிடுச்சு. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற லாரி நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடும். இறக்கி வச்ச ஹெட்லைட்டுல டிரைவருக்குத் தெளிவாத் தெரியறது 40, 50 மீட்டர். மூணு நொடி. அதுக்குள்ள அவர் பாக்கணும், புரிஞ்சுக்கணும், பிரேக்கை மிதிக்கணும். 2022-ல இந்தியா முழுக்க ரோடு விபத்துல செத்த சைக்கிள்காரங்க 4,800-க்கு மேல.

அரசாங்கம் 2020-ல ஒரு ஆணை போட்டது. சைக்கிள்ல வர்ற வில்லைகளுக்குத் தர முத்திரை வேணும்னு. நல்லதுதான். ஆனா பாருங்க, அதுவும் வில்லையைப் பத்திதான். தமிழ்நாட்டுல 2001-02-ல தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பிச்சு, 2005-06-ல எல்லாருக்கும் விரிவான விலையில்லா சைக்கிள் திட்டத்துல லட்சக்கணக்கான பிள்ளைகள் சொந்த சைக்கிள் ஏறினாங்க. அதுல டைனமோ கிடையாது. டியூஷன் முடிஞ்சு இருட்டுல வர்ற பிள்ளைக்குத் துணை அந்த வில்லைதான்.

லைட்டுக்கான விலைதான் தடைன்னா, அந்தத் தடை இப்போ இல்லை. 1962-ல நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியற சிகப்பு எல்.ஈ.டி. செஞ்சார். சிகப்புதான் மொதல்ல வந்தது, வெள்ளை வர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனாலயே சைக்கிள்ல எல்.ஈ.டி. மொதல்ல ஏறுனது பின்பக்கம். டைனமோ வேண்டாம், ஒயர் வேண்டாம், நின்னாலும் எரியும். டைனமோவைக் கட்டாயமா வச்சிருந்த ஜெர்மனியே 2013-ல பேட்டரி லைட்டுக்கு ஒத்துக்கிச்சு.

சித்தப்பாவுக்காக நான் தேடினப்ப 150-ல இருந்து 250 ரூபாய்க்குள்ள நிறைய இருந்தது. எத்தனை லூமென், எத்தனை மோடுன்னு பாக்கறதை விட, செல் தீந்தா ஊர்க் கடையில கிடைக்குமான்னு பாக்கறதுதான் முக்கியம். காசு மாதிரி வட்டமா இருக்கிற செல் போட்ட லைட்டு மலிவு, ஆனா அந்த செல்லுக்கு அருப்புக்கோட்டை போகணும். டிவி ரிமோட்டுக்குப் போடற செல்லுன்னா பெட்டிக்கடையிலயே கிடைக்கும். போன் சார்ஜர்ல ஏத்தற மாடலும் நல்லதுதான், மறக்காம ஏத்தறவங்களா இருந்தா. சித்தப்பாவுக்கு ரிமோட் செல் மாடல் வாங்கினேன். "செல்லுக்கு நீ காசு குடுப்பேன்னா சரி"ன்னார்.

மாட்டுற இடம் ஒரு பிரச்சனை. பாக்கெட்ல வர்ற ரப்பர் பட்டை சீட்டுக்குக் கீழ கட்டற மாதிரிதான் இருக்கும். அங்க வேட்டியும் டிபன் பையும் மறைச்சிடும். கேரியர் முனையில மாட்டினா மூட்டை மறைச்சிடும். எது கட்டினாலும் மறையாத இடம் ஒண்ணுதான், மட்கார்டு அடியில அந்த வெள்ளைப் பட்டை. அதுல ஒரு ஓட்டை போட்டு, சின்ன கிளாம்ப் வச்சு முடுக்கினோம். சைக்கிள் கடைக்காரர் இருபது ரூபாய் வாங்கினார். நட்டுக்கு அடியில மறக்காம ஒரு ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லுங்க, இல்லேன்னா நம்ம ரோட்டுக்கு ஒரு மாசத்துல கழண்டு விழுந்துடும்.