முகமிழந்த பொம்மை: மூன்று நாடுகளின் தொலைக்காட்சி அங்கதம்

அரசியல் அங்கதத்தை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலை எடுக்கிறார்கள்: ஆள்பவரை எந்த நாட்டில் எவ்வளவு கடுமையாகத் திட்ட முடிகிறது? கடுமை கூடக் கூடச் சுதந்திரமும் கூடும் என்பது இதில் பொதிந்துள்ள எண்ணம். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இது போதாது. ஓர் அங்கத நிகழ்ச்சி எந்த வடிவம் எடுக்கிறது என்பதை அந்நாட்டுப் பார்வையாளரின் பொது அறிவு தீர்மானிக்கிறது. அது எத்தனை நாள் வாழும் என்பதை அலைவரிசையின் உடைமையாளரே பெரிதும் தீர்மானிக்கிறார். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் ரப்பர் பொம்மை நிகழ்ச்சிகளை வைத்து இதை நிறுவ முயல்கிறேன். கருவி ஒன்றே என்பதால் வேறுபாடுகள் தெளிவாகத் தெரியும்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுக்கிறது. பழிப்பை வெளிப்படையாகச் சொல்வது முன்னது. வேறொன்றைச் சொல்வதுபோல் மறைத்துச் சொல்வது பின்னது. இந்தப் பகுப்பு நம் ஒப்பீட்டுக்கு இன்றும் உதவுகிறது.

பிரிட்டனின் 'ஸ்பிட்டிங் இமேஜ்' (1984-1996) செம்பொருளின் உச்சம். பீட்டர் ஃபிளக், ராஜர் லா என்ற இருவரும் வடித்த பொம்மைகளில் மார்கரெட் தாட்சர் ஆண்களின் கோட்டு அணிந்து சுருட்டுப் பிடிப்பார். புகழ்பெற்ற ஒரு காட்சியில் அவர் அமைச்சர்களுடன் உணவகத்துக்குப் போகிறார். தனக்கு இறைச்சி கேட்கிறார். பணிப்பெண் 'காய்கறி?' என்கிறாள். சுற்றியிருக்கும் அமைச்சர்களைப் பற்றிக் கேட்பதாக எடுத்துக்கொண்டு, அவர்களும் அதையே சாப்பிடுவார்கள் என்கிறார் தாட்சர். மூளையற்றவரைக் காய்கறி என்று சொல்வது ஆங்கில வழக்கு. லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீலையோ, கூட்டணிக் கட்சியின் தலைவர் டேவிட் ஓவனின் சட்டைப்பையில் அடங்கும் குட்டிப் பொம்மையாக ஆக்கினார்கள். அது தன் மதிப்பைக் குலைத்தது என்று ஸ்டீலே பின்னாளில் சொன்னார்.

இத்தனை துணிச்சலான நிகழ்ச்சியும் தன் முதல் ஒளிபரப்பில் அரச குடும்பப் பொம்மைகளின் காட்சிகளை வெட்டித்தான் வெளிவந்தது. நிகழ்ச்சியைத் தயாரித்த சென்ட்ரல் தொலைக்காட்சியின் புதிய நிலையத்தை அரசியின் கணவரான எடின்பரோ கோமகன் அப்போது திறந்து வைக்கவிருந்தார். எந்தச் சட்டமும் குறுக்கிடவில்லை. விருந்தாளி மனம் கோணக்கூடாது என்ற உடைமையாளரின் மரியாதை போதுமானதாக இருந்தது. பின்னர் அதே அரச குடும்பம் வாராவாரம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தாராளமான சூழலிலேயே தடுக்கும் கை எங்கிருந்து நீளுகிறது என்பதை இந்த வெட்டு காட்டிவிடுகிறது.

பிரான்ஸில் அந்தக் கை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கனால் ப்ளூஸ் அலைவரிசையில் 1988இல் தொடங்கி 2018 வரை ஓடிய 'லே கின்யோல்', இரவுச் செய்தி அறிக்கையின் வடிவத்தையே கடன் வாங்கியது. போட்டி அலைவரிசையின் செய்தி வாசிப்பாளர் பத்ரிக் புவாவ்ர் தார்வோரின் பொம்மைதான் அதை வாசிக்கும். 1995 தேர்தல் காலத்தில் ழாக் ஷிராக்கின் பொம்மை, எல்லோரும் முதுகில் குத்திய அப்பாவியாக ஆப்பிளைப் பரிந்துரைத்துக்கொண்டு திரிந்தது. அந்த இரக்கமே அவரது வெற்றிக்கு உதவியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சில ஆண்டுகளில் அதே பொம்மை 'மகா பொய்யன்' என்ற அதிநாயகனாக வேடமிட்டு வந்தது. இரண்டையும் அதிபரோ அமைச்சரோ தடுக்கவில்லை. நிகழ்ச்சியின் முடிவு வேறு வழியில் வந்தது. கனால் ப்ளூஸ் சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய அலைவரிசை. ஆனால் இந்த நிகழ்ச்சியை யாரும் இலவசமாகப் பார்க்க முடிந்தது. தொழிலதிபர் வின்சென்ட் பொலோரே 2015இல் நிறுவனத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததும் முதன்மை எழுத்தாளர்கள் நீக்கப்பட்டார்கள். நிகழ்ச்சி சந்தாதாரருக்கு மட்டும் என்று ஆனது. தடை என்ற சொல்லே எழவில்லை. பார்ப்பவர் குறைந்தார்கள், பிறகு பார்ப்பவர் இல்லை என்பதே நிறுத்தக் காரணமாயிற்று. சுதந்திர அளவுகோல்களின் எந்தக் கட்டத்திலும் இந்த இழப்பு பதிவாகாது. அதனால்தான் எனக்கு இது பெரிதும் கவலை தருகிறது.

இனி ரஷ்யா. பிரெஞ்சு நிகழ்ச்சியைப் பார்த்து உருவான 'கூக்லி' (பொம்மைகள்) விளாதிமிர் குஸின்ஸ்கியின் என்டிவியில் 1994இல் தொடங்கியது. முதன்மை எழுத்தாளர் விக்தர் ஷெந்தரோவிச். அவர் எடுத்த வடிவம் இலக்கியம். பள்ளியில் கார்க்கியையும் கோகலையும் படித்து வளர்ந்த மக்களுக்குப் பழைய கதையில் புதிய முகத்தை வைத்தாலே போதும், விளக்கம் வேண்டாம். பழிகரப்பு வேலை செய்ய, மறைப்பவருக்கும் காண்பவருக்கும் பொதுவான ஒரு நூலகம் வேண்டும். ரஷ்யாவில் அது இருந்தது. சத்திரத்து ஏழைகளைப் பற்றிய கார்க்கியின் நாடகத்தில் அப்போதைய அதிபர் யெல்த்சினையும் அவரது ஆட்களையும் கந்தல் உடுத்தி இறக்கிவிட்டதற்காக 1995இல் அரசுத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் குற்ற வழக்குப் பதிந்தது. சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. உடைமையாளர் வலுவாக இருந்த காலம் அது.

2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அதிபர் தேர்தலுக்கு முன், ஷெந்தரோவிச் ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் 1819ஆம் ஆண்டுக் குறுநாவல் ஒன்றை எடுத்தார். ஸாகஸ் என்ற அவலட்சணமான குள்ளனின் தலையை ஒரு தேவதை வாருகிறாள். அதன்பின் பிறர் செய்யும் நல்லதெல்லாம் அவன் செய்ததாகவே ஊருக்குப் படுகிறது. குள்ளன் புதின். தேவதைக்கு, ஓஆர்டி தொலைக்காட்சியில் செல்வாக்குச் செலுத்திய தொழிலதிபர் பெரெஸோவ்ஸ்கியின் முகம். புதின் படித்த பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் உட்படச் சிலர், நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள்மீது வழக்குத் தொடரக் கோரிக் கடிதம் வெளியிட்டார்கள். மறைபொருள் புரியாமல் எழுந்த கோபம் என்று இதைச் சொல்ல முடியாது. ஹாஃப்மனைப் படித்தவர்களுக்கே அது முழுமையாகப் புரிந்திருக்கும். மறைத்துச் சொன்னால் அதிகாரம் ஏமாறும் என்ற நம் வழக்கமான கருத்தை இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

மே மாதம் என்டிவியின் தாய் நிறுவனத்தில் சோதனை நடந்தது. பின்னர் ஆட்சித் தரப்பிலிருந்து வந்த நிபந்தனைகளுள் ஒன்று, 'முதல் நபரின்' பொம்மை திரையில் வரக்கூடாது என்பது என்று ஷெந்தரோவிச் பதிவுசெய்திருக்கிறார். அவர் அதற்கு உடன்பட்டு எழுதியதுதான் 'பத்துக் கட்டளைகள்'. பொம்மை வரவில்லை. அதிபர் அலுவலகத் தலைவர் வொலோஷின் மோசேயாகி ஆண்டவனின் ஆணைகளை வாங்கி வருகிறார், ஆண்டவனுக்கு முகமில்லை. அவன் பெயரைக் கேட்டால் 'கோஸ்போத் போக்' - கடவுளாகிய ஆண்டவர். சுருக்கமாக 'கே-பே'. 'கா-கே-பே' என்பது புதின் பணியாற்றிய உளவு நிறுவனத்தின் பெயர் என்பது ரஷ்யக் குழந்தைக்கும் தெரியும்.

தொல்காப்பியத்தின் இரண்டு வகையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பழி முற்றும் கரந்திருக்கிறது. அந்தக் கரப்பே திரையில் வெளிப்படையாக நிற்கிறது, தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டு. மூன்று நாட்டு நிகழ்ச்சிகளிலும் கலையாக இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆனால் கலையின் உயரம் அதைக் காப்பாற்றவில்லை. ஒளிபரப்பாகி மூன்று வாரம் ஆகும் முன்பே, ஜூன் 13 அன்று குஸின்ஸ்கி கைதானார். சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். 2001 ஏப்ரலில் அரசுசார் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் என்டிவியைக் கைப்பற்றியது. 2002இல் பொம்மைகள் திரையை விட்டு இறங்கின.